குவாதலூப் போகிறீர்களா? படகு நேரத்தை முதலில் பாருங்கள், கடற்கரையை அப்புறம் பார்க்கலாம்

கரீபியன் கடலில் ஒரு தீவுக்கூட்டத்துக்குப் போகவேண்டும், ஆனால் ஹோட்டல் மதில் சுவருக்குள்ளேயே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு வரக்கூடாது என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது குவாதலூப்தான். இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை திட்டம் தப்பாகிவிட்டது. பத்து நாளில் எல்லாத் தீவையும் பார்த்துவிடலாம் என்று தினம் ஒரு படகு, தினம் ஒரு பெட்டி கட்டல் என்று போட்டிருந்தேன், ஐந்தாம் நாள் கடல் கொந்தளிப்பால் படகு ஓடவில்லை, அதோடு அடுத்து முன்பதிவு செய்திருந்த இரண்டு இடங்களும் கட்டிய பணமும் போயின. இரண்டாம் முறை மூன்றே இடத்தில் தங்கினோம். அந்தப் பயணம்தான் இன்னும் மனதில் நிற்கிறது. அதனால் கீழே எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தீவைக் குறையுங்கள், இரவைக் கூட்டுங்கள்.

முதலில் மேப். குவாதலூப் என்பது ஒரு தீவின் பெயர் போலத் தோன்றினாலும் அது ஒரு கூட்டம். நடுவில் பட்டாம்பூச்சியின் இரண்டு சிறகு மாதிரி இரண்டு நிலப்பகுதிகள் இருக்கும். மேற்குச் சிறகு பாஸ்-தேர், கிழக்குச் சிறகு கிராண்ட்-தேர். இரண்டுக்கும் நடுவே ரிவியேர் சலே என்ற ஒடுங்கிய கடல்நீர்க் கால்வாய் ஓடுகிறது, அதன் மேல் பாலங்கள் இருப்பதால் காரிலேயே கடந்துவிடலாம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'தாழ்ந்த நிலம்' என்று பொருள்படும் பாஸ்-தேரில்தான் 1,467 மீட்டர் எரிமலை நிற்கிறது, 'பெரிய நிலம்' என்ற கிராண்ட்-தேர் இரண்டில் சிறியது, சுண்ணாம்புக்கல் தரை, பெரும்பாலும் சமதளம். காட்டுக்கும் அருவிக்கும் மேற்கே போகவேண்டும், வெள்ளை மணலுக்குக் கிழக்கே. தெற்கே லே சேன்த் என்ற குட்டித் தீவுகள், தென்கிழக்கே வட்டமான மரி-கலாந்த், கிழக்கே நீளமான தெசிராத், அதன் பக்கத்தில் ஆளில்லாத பெத்தித்-தேர். இவற்றுக்கெல்லாம் படகுதான்.

சரி, விசா. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம், யூரோதான் செலாவணி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியும்கூட. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. கையில் சாதாரண ஷெங்கன் விசா இருந்தால் அது தானாக அங்கே செல்லாது. பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கடல் கடந்த மாவட்டத்துக்குப் போகிறேன் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், விசா கைக்கு வந்ததும் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அச்சிட்டிருக்கும் வரியை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பாரிஸ் வழியாகப் போய், அங்கே ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டியிருந்தால் ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்து வெளியே வருகிறீர்கள், அதற்கும் அனுமதி வேண்டும். அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

பாரிஸிலிருந்து குவாதலூப்பின் முக்கிய நகரான புவாந்த்-ஆ-பித்ருக்கு நேரடி விமானம் ஏறக்குறைய எட்டரை மணி நேரம். இந்த விமானங்களில் பல பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து கிளம்பும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோ பெரும்பாலும் ஷார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்குவார்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இரண்டு முறை பாருங்கள். இரண்டும் நகரத்தின் இரண்டு கோடியில் இருக்கின்றன, நடுவே குறைந்தது ஐந்து மணி நேரமாவது விடவேண்டும், பிள்ளைகளோடு போனால் ஒரு இரவு பாரிஸில் தங்கிவிட்டுப் போவது நிம்மதி.

எப்போது போகலாம்? அங்கே இரண்டே பருவம்தான். டிசம்பரிலிருந்து மே வரை காரெம் என்கிற வறண்ட காலம், ஜூனிலிருந்து நவம்பர் வரை இவெர்னாஜ் என்கிற மழைக்காலம். புயல் பயமும் இந்த இரண்டாவது பாதியில்தான், அதிலும் ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் வரை உச்சம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ, 2017 செப்டம்பரில் மரியா என்று பெரிய புயல்கள் வந்ததெல்லாம் அந்த மாதத்தில்தான். என் கணக்கில் சிறந்த நேரம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை: கிறிஸ்துமஸ் கூட்டம் போயிருக்கும், பிரெஞ்சுப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை இன்னும் தொடங்கியிருக்காது. ஞாயிறுதோறும் கார்னிவல் ஊர்வலத்தின் முரசொலியையும் தெருவில் நின்று கேட்கலாம்.

இன்னொன்று, சர்காசம். அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி, வசந்தமும் கோடையும் அதன் காலம். கரையில் ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை வாடை வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நல்லதில்லை. அதனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறீர்கள் என்றால் கிழக்கைப் பார்த்த கடற்கரையில் தங்கும் இடம் பிடிக்காதீர்கள். பாஸ்-தேரின் மேற்குக் கரை, அதாவது தெஏ, புய்யாந்த் பக்கம், கரீபியன் கடலைப் பார்த்தபடி இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வீட்டு விளம்பரத்தில் இருக்கும் படங்களை நம்பாமல், போவதற்கு ஒரு வாரம் முன்பு கரை இப்போது எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் படம் கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? குவாதலூப்பில் குழாய்த் தண்ணீர் பல வருடமாகவே பிரச்சினை, பழைய குழாய்கள் ஒழுகுவதால் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துவார்கள். முதல் பயணத்தில் நாங்கள் எடுத்த வீட்டில் தொட்டி இல்லை, உரிமையாளர் அதைச் சொல்லவும் இல்லை. கடலில் குளித்து, உடம்பெல்லாம் உப்போடு வந்து குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. இரண்டு பெரிய பாட்டில் குடிநீரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம். தொட்டி இருந்தால் மின்மோட்டார் தானாக ஓடும், தண்ணீர் நின்றதே தெரியாது. முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார் இல்லாமல் முடியாது. பேருந்து இருக்கிறது, ஆனால் மாலையில் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட இல்லை. விமான டிக்கெட் எடுத்த அன்றே காரையும் பதிவு செய்யுங்கள், பிப்ரவரியில் கடைசி நேரத்தில் கார் கிடைப்பது கஷ்டம். வலது பக்கமாக ஓட்டவேண்டும், பாஸ்-தேர் மலைச்சாலையில் நன்றாக ஏறுகிற வண்டியாக எடுங்கள். காலையும் மாலையும் ஜாரி என்ற தொழிற்பேட்டையைச் சுற்றிப் பெரிய நெரிசல், இரண்டு சிறகையும் இணைக்கும் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் அந்தப் பக்கம் போகவேண்டிய திட்டம் எதையும் வைக்காதீர்கள். ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதுவும் விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று. மலைச்சாலையை அதற்குள் முடித்துவிடுங்கள்.

பத்து இரவு என்றால் இப்படிப் பிரிப்பேன்: பாஸ்-தேர் மேற்குக் கரையில் நான்கு, லே சேன்த்தில் இரண்டு, கிராண்ட்-தேரில் சேன்த்-ஆன் அல்லது சேன்-பிரான்சுவா பக்கம் நான்கு. மரி-கலாந்த் வேண்டுமென்றால் கிராண்ட்-தேரில் இரண்டு இரவைக் குறைத்து அங்கே கொடுங்கள். தெசிராத்தை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம்.

பாஸ்-தேரில் என்னை மிகவும் நெகிழவைத்த இடம் மலாந்த்யூர் கடற்கரை. கறுப்பு எரிமலை மணல், பார்வைக்குச் சாதாரணம். ஆனால் முகமூடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் அடியில் கடல்புல், அந்தப் புல்லை மேய்ந்துகொண்டு பச்சை ஆமைகள். காலை ஏழரைக்கு நான் இறங்கியபோது தண்ணீரில் வேறு யாரும் இல்லை. ஓர் ஆமை கீழே புல்லை அலகால் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது, ஓட்டின் மேல் இரண்டு மீன்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சில நிமிடம் கழித்து முன் துடுப்பை ஒரே ஒரு முறை அசைத்து மேலே வந்தது, தலையை வெளியே நீட்டி, பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், திரும்பவும் கீழே. அந்த மூச்சுச் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருப்பதே போதும். கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள், அது மேலே வரும் வழியை மறிக்காதீர்கள், அது மூச்சுக்குத்தான் வருகிறது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் படகுகள் வந்துவிடும். எதிரே தெரியும் பிஜியோன் குட்டித்தீவுகளைச் சுற்றித்தான் கடல் ஆய்வாளர் கூஸ்தோ பெயரிலான கடல் காப்பகம், முக்குளிக்கத் தெரிந்தவர்கள் அதற்கே ஒரு நாள் ஒதுக்கலாம்.

லா சூப்ரியேர் எரிமலை ஏற விரும்பினால் ஒரு நாளைக் குறித்துவைக்காமல், நான்கு நாளில் எந்தக் காலையில் உச்சி தெளிவாகத் தெரிகிறதோ அன்று போங்கள். சேன்-குளோத் ஊருக்கு மேலே பேன் ஜோன் என்ற இடத்தில் வண்டியை விட்டு நடக்கவேண்டும், போய்வர மூன்று நான்கு மணி நேரம். கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருந்த நாம் மேலே குளிரில் நடுங்குவோம், காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயம் வேண்டும். அது உயிருள்ள எரிமலை. 1976-ல் அது சீறியபோது 70,000 பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்கள். உச்சியில் விஷவாயு வரும் பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள், படத்துக்காக அதைத் தாண்டாதீர்கள். மலை ஏற முடியாதவர்களுக்கு கார்பே அருவிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாவது 110 மீட்டர் உயரம், இருபது நிமிடம் காட்டுக்குள் நடந்தால் பார்வை மேடை.

லே சேன்த்துக்கு துருவா-ரிவியேர் துறையிலிருந்து படகு எடுங்கள். அரைமணிக்கும் குறைவு. புவாந்த்-ஆ-பித்ரிலிருந்தும் படகு உண்டு, ஆனால் கடலில் அதிக நேரம். காரைத் துறைக்குப் பக்கத்தில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிடலாம், தேர்-தெ-ஓ தீவுக்குள் கார் தேவையில்லை. துறையில் இறங்கியதும் பெண்கள் கூடையில் தூர்மான் தாமூர் என்ற சின்னப் பணியாரம் விற்பார்கள், உள்ளே தேங்காய்ப் பூரணம், இன்னும் சூடாக இருக்கும். பெயருக்குக் காதல் வேதனை என்று அர்த்தம். முதல் இரண்டைத் துறையிலேயே தின்றுவிட்டு நடங்கள். நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், அதனால் முதல் நாள் மதியம் வந்து இறங்கி மறுநாள் காலை ஏறுங்கள். பகல் பயணிகள் நாலு மணிப் படகில் திரும்பிவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் தீவு தன் சொந்த நடைக்கு வரும். வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள், கோழிகள் தெருவுக்கு வரும், இருட்டியதும் நகத்தளவு மரத்தவளைகள் கூட்டமாகக் கத்த ஆரம்பிக்கும். இந்த மாலைக்காகத்தான் இரண்டு இரவு சொல்கிறேன்.

மரி-கலாந்த் படகு புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், நடுவே உள்ள கடலில் அலை பெரியது. குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரைமணி முன்பே மாத்திரை போடுங்கள், பின்பக்கம் நடுவில் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தீவு முழுக்கக் கரும்பு, பழைய காற்றாலைகள், மாட்டு வண்டிகள். மூன்று ரம் வடிப்பாலைகள் உண்டு, அங்கே ரம் 59 சதவீத ஆல்கஹால் வரை கடுமையானது, வண்டி ஓட்டுகிறவர் ருசிகூடப் பார்க்க வேண்டாம். கடற்கரை என்றால் வடமேற்கில் ஆன்ஸ் கனோ.

பெத்தித்-தேர் போகச் சேன்-பிரான்சுவாவிலிருந்து பகல் பயணப் படகுகள் கிளம்பும். அது இயற்கைக் காப்பகம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்யுங்கள். லெஸ்ஸர் அண்டிலீஸ் இகுவானா என்ற பெரிய ஓணான் இனத்துக்கு எஞ்சியிருக்கும் பெரிய புகலிடங்களில் இது ஒன்று, புதரோரம் அசையாமல் வெயில் காயும். தின்ன எதுவும் போடாதீர்கள்.

இப்போது நமக்கு நெருக்கமான விஷயம். 1854 டிசம்பர் 24 அன்று ஒரெலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் கூலித் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இந்த மண்ணில் இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள், அதில் பெரும் பங்கு தமிழ் பேசியவர்கள், பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு, பாஸ்-தேரில் உள்ள காப்ஸ்தேர்-பெல்-ஓ ஊரைச் சேர்ந்த ஹென்றி சிதம்பரம் நீதிமன்றத்தில் வருடக்கணக்காகப் போராடினார், 1923-ல்தான் அது கிடைத்தது. அந்த ஊரின் ஷான்ஜி பகுதியில் சாலையோரமாகவே கோயில் இருக்கிறது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்ணச் சிலைகளைக் கண்டதும் காரை ஓரம் கட்டினோம். மாரியம்மன் அங்கே மலியெமேன் ஆகிவிட்டாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியவில்லை, எனக்கு பிரெஞ்சு அரைகுறை, ஆனால் தன் குடும்பப் பெயரை அவர் சொன்னபோது, இரண்டாம் அசையில் அழுத்தம் மாறியிருந்தாலும், அது முத்துசாமிதான் என்று புரிந்தது. நான் அதை நம் உச்சரிப்பில் திரும்பச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டு உள்ளே போங்கள், அது அவர்கள் வழிபடும் இடம். இந்த அரை நாளைத் திட்டத்திலிருந்து வெட்டாதீர்கள்.

சந்தையில் கிரியோல் பெண்கள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்றுதான் பெயர். சாப்பாட்டிலும் நம் சாயல் உண்டு: கொலோம்போ என்பது மஞ்சளும் மல்லியும் சீரகமும் சேர்த்த மசாலாக் குழம்பு, பெயரே குழம்பு என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. பொக்கித் என்பது எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தருவது, மதியச் செலவைக் குறைக்க அதுதான் வழி, ஏனென்றால் கடைச் சாமான் விலை பாரிஸை விட நிறையவே அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையலறை உள்ள வீடாக எடுங்கள், சந்தையில் ஈரப்பலா, வாழைக்காய், சௌசௌ, பூசணி எல்லாம் கிடைக்கும், நமக்குச் சமைக்கத் தெரிந்தவைதான். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் விலை கேட்காதீர்கள். அங்கே அது மரியாதைக் குறைவு, முகமே மாறிவிடும்.

எச்சரிக்கைகள் சில. கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும் மான்செனியே மரம் கொடிய விஷம். காயைத் தொடக்கூடாது, மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவும் கூடாது, இலையில் பட்டுச் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது, பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிவையுங்கள். வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்காதீர்கள், மூக்கு வழியாக ஏறும் அமீபா ஆபத்தானது, அங்கேயே பலகை இருக்கும். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலாக இருந்தாலும் ஆற்றில் வெள்ளம் சில நிமிடங்களிலேயே பெருகும், நீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள். டெங்கு உண்டு, கொசு மருந்து மறக்காதீர்கள். கிராண்ட்-தேரின் கிழக்கு நுனியான புவாந்த் தெ ஷாத்தோவில் கடலைப் பார்க்கலாம், குளிக்கக்கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பும் விமானத்தன்று எந்தப் படகையும் நம்பாதீர்கள். கடைசி இரண்டு இரவாவது பெரிய தீவில் இருங்கள். பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில்தான் கிளம்பும், அதனால் அன்று காலை இன்னும் ஒரு முறை கடலில் இறங்கிவிட்டு, ஈரத்துணியைத் தனிப் பையில் கட்டி, நெரிசலுக்கு முன்னால் மதியமே காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.